சித்தம்பூண்டிக் கல்

அன்புள்ள அக்கா,

பரமத்தி வேலூர் பக்கம் ஒரு பள்ளியில் 9, 10ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். சந்திரயான்-3 இறங்கிய காணொலியை ஸ்மார்ட் போர்டில் போட்டேன். கைதட்டினார்கள். மறுநாள் ஒரு கேள்வி வரவில்லை. செய்தியில் வரும் புதிய அறிவியலை இவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது? எந்தத் தலைப்புகளை எடுக்கலாம்? பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை.

ம.

அன்புள்ள ம.,

தலைப்புப் பட்டியல் என்னிடம் இல்லை. நேரம் போதாதது எல்லாருக்கும் உள்ளதுதான், அதை விடுங்கள். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

உங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டி என் அம்மா பிறந்த ஊருக்கும் பக்கம். லீவுக்குப் போனால் அங்கே கிடக்கும் வெள்ளைக் கல்லைப் பொறுக்கித்தான் அஞ்சாங்கல் ஆடுவோம். சாம்பல் படிந்த வெள்ளை, நடுவே கருப்புப் பொட்டுகள். எட்டாவது படிக்கும்போது ஒன்றை எடுத்துப்போய், “இது என்ன கல் சார்?” என்று கேட்டேன். வாங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். அதன் பெயர் அனார்த்தசைட் என்று தெரிய எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. நிலவின் மேட்டு நிலங்களும் அந்த வகைப் பாறைதான். அதனால்தான் இஸ்ரோ உங்கள் ஊர்ப் பாறையை டன் கணக்கில் கொண்டுபோய்ப் பொடித்து, அந்த மண்ணில் லேண்டரையும் ரோவரையும் சோதித்துப் பார்த்தது.

இது உங்கள் காதுக்கு வராமல் இருந்திருக்காது. தெரிந்தும் ஸ்மார்ட் போர்டைப் போட்டிருக்கிறீர்களே, கோபம் வருகிறது எனக்கு. காலடியில் கிடப்பதை விட்டுவிட்டுத் திரையைக் காட்டினால் கைதட்டத்தான் செய்வார்கள். சினிமாவுக்கும்தான் தட்டுகிறார்கள்.

கல்லைக் கையில் கொடுங்கள். அப்புறம் பேசுங்கள். நிலா ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்தது, கனமானது அடியில் தங்க, கனம் குறைந்த கனிமம் பால்மேல் ஆடை மாதிரி மிதந்து இறுகியது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. சந்திரயான்-3இன் ரோவர் பிரக்யான் 23 இடங்களில் மண்ணில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அளந்தது. 2024 ஆகஸ்டில் வெளிவந்த முடிவு இந்தக் கருத்துக்கு வலு சேர்த்தது. ஆனால் மக்னீசியம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கனமான கனிமங்களோடு ஆழத்தில் கிடக்க வேண்டியது மேலே எப்படி வந்தது? அதை நீங்களே சொல்லிவிடாதீர்கள், அவர்கள் கேட்கட்டும். பதில் தெரியாமல் நின்றால் நில்லுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

திங்கட்கிழமை ஆளுக்கொரு கல் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் யார் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.