இருவரும் ஒன்றாகப் பனிமலைக்குப் போகிறோம்: கையில் இருக்கும் காப்பீடு போதுமா?

கேள்வி: எனக்கு 38 வயது, மனைவிக்கு 35. பிப்ரவரியில் எங்கள் பத்தாவது திருமண நாள். எட்டு வயது மகனையும் ஐந்து வயது மகளையும் திருப்பூரில் என் பெற்றோரிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் காஷ்மீரில் உள்ள குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளத் திட்டமிட்டிருக்கிறோம். ‘ரெண்டு பேரும் ஒண்ணா போய் ஏதாவது ஆயிட்டா பிள்ளைங்க கதி என்ன?’ என்று அம்மா கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. டூர் ஏஜென்டோ, ‘இன்சூரன்ஸ் பேக்கேஜிலேயே இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்கிறார். குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் மெடிக்ளெய்ம் பாலிசியும், எனக்கு ஒரு கோடி ரூபாய் டெர்ம் (ஆயுள் காப்பீட்டு) பாலிசியும் இருக்கின்றன. பனிச்சறுக்கு சாகச விளையாட்டு, அதனால் இரண்டுமே செல்லாது என்று அலுவலக நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில் அளிப்பவர்: காப்பீட்டு ஆலோசகர்

தாராளமாகப் போய் வாருங்கள். உங்கள் அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நண்பர் கிளப்பிய பயத்தைத் தீர்த்துவிடுவோம்.

மெடிக்ளெய்ம் பாலிசிகளில் எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று ஒவ்வொரு நிறுவனமும் முன்பு ஒவ்வொரு விதமாக எழுதிக்கொண்டிருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் அந்த வாசகங்களை ஒரே மாதிரியாக்கியது. அதில் 09 என்ற எண்ணுள்ள விலக்கு சாகச விளையாட்டு பற்றியது. உங்கள் நண்பர் பாதியை மட்டும் படித்திருக்கிறார். அந்த விளையாட்டுகளில் ‘தொழில்முறையாக’ ஈடுபட்டு அடிபட்டால்தான் சிகிச்சைச் செலவு கிடையாது என்கிறது அந்த விதி. காசு வாங்கிக்கொண்டு சறுக்குபவர் தொழில்முறையாளர். காசு கொடுத்துச் சறுக்குபவர் சுற்றுலாப் பயணி. பயிற்றுநரும், வழிகாட்டியும், பணத்துக்காகப் போட்டியிடும் வீரரும் முதல் வகை. நீங்கள் இருவரும் இரண்டாவது வகை. குல்மார்க்கில் இருக்கும் மத்திய அரசின் பனிச்சறுக்குப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து சான்றிதழ் வாங்கினாலும் இரண்டாவது வகைதான். அடுத்த ஆண்டும் போய், அதற்கடுத்த ஆண்டும் போய், நன்றாகவே தேர்ந்துவிட்டாலும் இரண்டாவது வகைதான். இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. க்ளெய்ம் மேசையில் இருப்பவர் ‘பனிச்சறுக்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் நிராகரிப்புக் கடிதம் அனுப்பிவிடுவது நடக்கிறது. தங்கள் நிறுவனம் அச்சிட்ட பாலிசியைத் தாங்களே முழுமையாகப் படிப்பதில்லை. படிக்காததன் சுமை கால் உடைந்து கிடப்பவர் தலையில் விழுகிறது.

ஆகவே பயிற்றுநரிடம் பணம் கட்டியதற்கு ரசீது வாங்கி வையுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் எப்படி அடிபட்டது என்று கேட்டால், ‘சுற்றுலா வந்த இடத்தில் பயிற்றுநரோடு கற்றுக்கொள்ளும்போது விழுந்தேன்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மருத்துவர் எழுதும் அந்த முதல் குறிப்புதான் கடைசிவரை பேசும். ‘குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லுங்கள், க்ளெய்ம் சுலபமாகும்’ என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். அந்தப் பொய்யே க்ளெய்மைக் கொன்றுவிடும்.

மெடிக்ளெய்முக்குப் பொதுவாக 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கியிருக்க வேண்டும், அல்லது பகல்நேர சிகிச்சைப் பட்டியலில் அது இருக்க வேண்டும். மணிக்கட்டு விரிசலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டு அன்றே திரும்பினால் செலவு பெரும்பாலும் உங்களுடையதே. பெரிய அடி என்றால் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸ்ரீநகருக்குத்தான் கொண்டுபோவார்கள். அங்கே பர்ஸுல்லாவில் எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீநகரில் உங்கள் நிறுவனத்தின் கேஷ்லெஸ் வசதி (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) எந்த மருத்துவமனைகளில் உண்டு என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

டெர்ம் பாலிசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிப்படைத் தொகை விபத்து மரணத்துக்கும் உண்டு. அதோடு விபத்து ரைடர் (பாலிசியோடு கூடுதலாகச் சேர்க்கும் விபத்துப் பாதுகாப்பு) எடுத்திருந்தால், அதில் சாகச விளையாட்டு விலக்கு இருக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஏஜென்டிடம் வருகிறேன். ‘இன்சூரன்ஸ் பேக்கேஜிலேயே இருக்கிறது’ என்ற வாக்கியத்தை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் இருவர் பெயரும், பயணத் தேதிகளும், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும், பாலிசி எண்ணும் அச்சிட்ட சான்றிதழ். ‘குரூப் பாலிசி சார், தனித்தனியாகத் தரமாட்டார்கள்’ என்பார். குரூப் பாலிசியிலும் உறுப்பினருக்குச் சான்றிதழ் உண்டு. இல்லை என்றால் காப்பீடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஏஜென்டுகள் காட்டுவது விமான டிக்கெட்டோடு சில நூறு ரூபாய்க்கு விற்கும் பயணக் காப்பீடு. விமானத் தாமதம், பெட்டி தொலைவது போன்றவற்றுக்கு அது உதவும். பனிப்பொழிவால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவது வழக்கம் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பயணக் காப்பீட்டுக்கும் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும் அந்த 09 விதியின் சலுகை கிடையாது. பொழுதுபோக்குக்காகச் சறுக்கினாலும் பணம் இல்லை என்று அவற்றில் எழுதியிருப்பது சகஜம். குளிர்கால விளையாட்டுகளுக்குக் கூடுதல் பிரீமியத்தில் பாதுகாப்பு தருகிற பாலிசியா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி எங்கேயும் செல்லாது. ஏஜென்டின் பேக்கேஜ் தாளின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். ‘விபத்துகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற வரி அநேகமாக அங்கே இருக்கும்.

அதே ஏஜென்ட் கொண்டோலா டிக்கெட்டையும் தலையில் கட்டப் பார்ப்பார். அந்தக் கேபிள் காரை நடத்துவது ஜம்மு காஷ்மீர் அரசின் கேபிள் கார் கழகம். டிக்கெட் அதன் இணையதளத்தில், அடையாள அட்டை விவரத்தோடு, உங்கள் பெயரிலேயே கிடைக்கும். சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்துத்தான் இரட்டிப்பு விலைக்கு விற்கிறார்கள். கற்றுக்கொள்பவர்களுக்கு அபர்வத் மலைமேல் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும் இரண்டாம் கட்டம் தேவையே இல்லை. குல்மார்க் புல்வெளியின் தாழ்வான சரிவுகளிலேயே புதியவர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள். அபர்வத்தில் 2023 பிப்ரவரியில் பனிச்சரிவில் போலந்து நாட்டினர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர் இறந்தார். மேலே மூடப்பட்டிருக்கும் பகுதிக்கு ‘ரகசிய வழியில் கூட்டிப் போகிறேன்’ என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம். தெரிந்தே ஆபத்தில் இறங்கினார் என்று சொல்ல விபத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு நீங்களே வழி அமைத்துக் கொடுத்ததாகிவிடும். திருமண நாள் கொண்டாட்டத்தில் மது உண்டென்றால் அது சறுக்கி முடித்த பிறகு, மாலையில் இருக்கட்டும். போதையில் நேர்ந்த விபத்துக்கும் அந்தப் பாலிசிகளில் பணம் கிடைக்காது.

இனி அம்மாவின் கேள்வி. டெர்ம் பாலிசியில் நாமினியாக யாரைப் போட்டிருக்கிறீர்கள்? மனைவியை மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய எல்லாத் தம்பதிகளும் அப்படித்தான் போடுகிறார்கள். தனியாகப் பயணம் போகும்போது அது போதும். இருவரும் ஒரே காரில், ஒரே மலையில் இருக்கும்போது அது போதாது. நாமினியும் உயிரோடு இல்லாவிட்டால் அந்த ஒரு கோடிக்குச் சட்டப்படியான வாரிசுகளில் உங்கள் பிள்ளைகளும் அடக்கம். ஆனால் சிறுவர்கள் கையெழுத்துப் போட முடியாது. வாரிசுச் சான்றிதழ், நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் என்று உங்கள் வயதான பெற்றோர் அலைய வேண்டியிருக்கும். பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நீதிமன்றப் படியேறும் தாத்தா பாட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. பாலிசி விற்ற அன்று பத்து நிமிடம் செலவழித்து இதை விளக்கியிருந்தால் அந்த அலைச்சலே இல்லை.

சரிசெய்வது எளிது. பிள்ளைகள் இருவரையும் நாமினிகளாகச் சேர்த்து ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிடுங்கள். மனைவிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பிள்ளைகள் 18 வயதை எட்டும்வரை அவர்களுக்காகத் தொகையைப் பெற்றுக்கொள்ளும் ‘அப்பாயின்டி’ ஒருவரின் பெயரும் கையெழுத்தும் அதே படிவத்தில் வேண்டும். இந்த இடத்தைத்தான் ஏஜென்டுகள் காலியாக விடுகிறார்கள். வயதான அப்பாவைவிட, உங்களுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால் அவரைப் போடுங்கள். வங்கி வைப்புகளிலும் 2025 நவம்பரிலிருந்து நான்கு நாமினிகள் வரை சேர்க்கலாம்.

பணத்துக்கு அப்பாயின்டி போட்டதால் பிள்ளைகளை வளர்க்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. அதற்கு உயில் வேண்டும். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டு இளவர் (மைனர்), காப்பாளர் சட்டம் இதை அனுமதிக்கிறது. இருவரும் தனித்தனியே வெள்ளைத்தாளில் உயில் எழுதி, பிள்ளைகளின் காப்பாளராக ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாளோ பதிவோ கட்டாயமில்லை. கட்டாயம் என்று சொல்லிக் கட்டணம் கேட்கும் இடைத்தரகரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

உங்கள் பெற்றோர் கையில் பிள்ளைகளின் மெடிக்ளெய்ம் அட்டை நகலையும், வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரின் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் சிம் இருக்கட்டும். மற்ற மாநிலங்களின் ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் இயங்காது. இரவில் மகள் அம்மா குரலைக் கேட்க அழுதால், விடுதியின் வைஃபையை நம்பி இருக்க முடியாது.

பாலிசியின் முக்கிய விவரங்களை ஒரு தகவல் தாளாகத் தர வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது. கேட்காதவர்களுக்கு ஆங்கிலத்திலேயே அனுப்புகிறார்கள். தமிழ்நாட்டில் பாலிசி விற்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழில் தாள் தருவதில் என்ன தயக்கம்? எழுதிக் கேட்டு வாங்குங்கள். க்ளெய்மை அநியாயமாக மறுத்தால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

நாமினி மாற்றத்துக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். நிறுவனம் தன் பதிவேட்டில் ஏற்றினால்தான் அது செல்லும். படிவத்தை வாங்கிக்கொண்டு, ‘ஆகிவிடும் சார்’ என்று கிளை ஊழியர் சொல்வதை ஏற்காதீர்கள். மாற்றம் பதிவானதற்கான கடிதம் கைக்கு வந்ததும் அதன் நகலை உங்கள் அப்பாவிடம் கொடுங்கள்.