வெயில் படாத தோட்டத்தில் வெள்ளி இலைச் செடி வளருமா?

கேள்வி இதுதான்: லண்டனில் வாடகை வீடு, பின்பக்கத் தோட்டம் வடக்கு பார்த்தது, ஓரத்தில் பெரிய சிக்கமோர் மரம். புல் நிற்கவில்லை, பாசிதான் பிடிக்கிறது. அந்த இருட்டுக்கு வெளிச்சம் காட்டுகிற மாதிரி, வெள்ளி நிற இலையோடு தரையில் படர்ந்து, வருடா வருடம் புதிதாக நட வேண்டாத செடி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. லேமியம் மக்குலேட்டம் என்று கேட்டு வாங்குங்கள். அதில் 'ஒயிட் நான்ஸி' வெள்ளைப் பூ, 'பீக்கன் சில்வர்' இளஞ்சிவப்புப் பூ. இரண்டுக்கும் இலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: முழுக்க வெள்ளி, ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கரை. உயரம் ஒரு சாணுக்கு மேல் போகாது. இருட்டு மூலைக்கு நான் 'ஒயிட் நான்ஸி'யைத்தான் சொல்வேன். நிழலில் இளஞ்சிவப்பு தூரத்திலிருந்து தெரியவே தெரியாது; வெள்ளை சமையலறை ஜன்னல் வரை தெரியும். துளசி, தும்பை குடும்பத்துச் செடி இது. தண்டை விரலில் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தெரியும். இலை செந்தட்டி மாதிரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், அரிக்காது.

கடைக்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளி இலையில் இரண்டு வகை உண்டு. லேவண்டர், ஆர்ட்டிமீசியா, ஸ்டேக்கிஸ் போன்றவற்றின் வெள்ளி, இலைமேல் இருக்கும் ரோமத்தால் வருவது. கொளுத்தும் வெயிலைத் தாங்கவும் ஈரத்தைக் காக்கவும் அந்தச் செடிகள் போட்டுக்கொண்ட போர்வை அது. அவற்றை நிழலில் வைத்தால் நீண்டு சாய்ந்து, மழைக்காலத்தில் அழுகிவிடும். லேமியத்தின் வெள்ளி வேறு. இலையின் மேல்தோலுக்கும் உள்ளே இருக்கும் பச்சைத் திசுவுக்கும் நடுவில் மெல்லிய காற்று இடைவெளி இருக்கிறது. அதில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நமக்கு வெள்ளியாகத் தெரிகிறது. அடியில் பச்சையம் அப்படியே இருப்பதால் குறைந்த வெளிச்சத்திலும் செடி பிழைத்துக்கொள்கிறது. ஆக, கடையில் இலையைத் தடவிப் பாருங்கள். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால் அது வெயில் செடி, உங்களுக்கு ஆகாது.

இன்னொன்று, இதன் மஞ்சள் பூ உறவுக்காரர். லேமியம் கேலியோப்டோலான் என்ற பெயரில் விற்பார்கள். இலையில் வெள்ளித் திட்டு இருக்கும், பார்க்க அழகுதான். தயவுசெய்து வேண்டாம். நீளநீளமாகத் தண்டு ஓடும், தொட்ட இடமெல்லாம் வேர் விடும், பக்கத்து வீட்டுக்கும் போய்விடும். இந்த வெள்ளித் திட்டு வகை 2010-இல் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைக் காட்டுப்பகுதியில் நடுவதோ பரவவிடுவதோ குற்றம். தோட்டத்தில் வைக்கத் தடையில்லை. ஆனால் வெட்டிய குப்பையைக் கொண்டுபோய் மரங்களுக்குள் கொட்டுகிறவர்களால்தான் அது காடு வரைக்கும் போனது.

சரி, நடவு. உங்கள் சிக்கலில் நிழல் பாதிதான், மீதி அந்தச் சிக்கமோரின் வேர். மேல்மண்ணில் இருக்கும் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். அதனால் கோடையில் நடாதீர்கள். செப்டம்பர் கடைசியில் அல்லது அக்டோபரில் நட்டால் மண்ணில் சூடும் இருக்கும், மழையும் வரும், மரமும் இலை உதிர்க்கத் தொடங்கியிருக்கும். மரத்தடி முழுக்கக் கொத்த வேண்டாம். சின்னக் கொத்தை வைத்துத் தடித்த வேர்களுக்கு நடுவில் குழி குழியாகத் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கை இலைமட்கு போட்டு நடுங்கள். வேர்மேல் புது மண்ணைக் கனமாகக் கொட்டி மூடினால் மரத்துக்குக் கேடு. சதுர மீட்டருக்கு 5 அல்லது 6 செடி போதும். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை வேர் வரை இறங்குகிற மாதிரி தண்ணீர் விடுங்கள். உரம் தேவையில்லை.

அப்புறம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மே, ஜூனில் பூத்து முடிந்ததும் கத்தரியால் பாதிக்கு வெட்டிவிடுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் சில வாரத்தில் புது இலை பளிச்சென்று வரும். வெட்டாமல் விட்டால் நடுவில் வழுக்கை விழும், வறண்ட கோடையில் இலையில் சாம்பல் நோயும் வரும். முழுப் பச்சையாகவோ நடுவில் மட்டும் வெள்ளைக் கோட்டோடோ ஒரு கன்று முளைத்திருந்தால் அது விதையில் வந்தது. பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளியை அமுக்கிவிடும். நவம்பரில் சிக்கமோர் இலைகள் ஈரமாகி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, தோல் மாதிரி செடியை மூடிவிடும். கையால் வாரி எடுங்கள். வசந்தத்தில் அந்த மரத்தின் இறக்கை விதைகள் லேமியத்துக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் முளைக்கும். இரண்டு இலையாக இருக்கும்போது இழுத்தால் சுலபமாக வரும், அடுத்த வருடம் வரை விட்டுவிட்டால் இழுத்தாலும் வராது.

ப்ரன்னரா 'ஜாக் ஃப்ராஸ்ட்' பற்றியும் யாராவது சொல்வார்கள். நல்ல செடி, 2012-இல் அமெரிக்காவின் பல்லாண்டுச் செடிச் சங்கம் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்ததுதான். வெள்ளி இலையில் பச்சை நரம்பு வலை, ஏப்ரலில் நீலப் பூ. ஆனால் அது குத்தாக நிற்கும், படராது. வறண்ட மண்ணில் இலை ஓரம் கருகும். குளிர்காலத்தில் இலையே இருக்காது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஈரமான மூலை இருந்தால் ஒன்றிரண்டு வையுங்கள், மரத்தடிக்கு வேண்டாம்.

செலவைப் பார்க்கிறீர்கள் என்றால் முதலில் நான்கைந்து செடி மட்டும் வாங்குங்கள். தரையைத் தொடும் கணுவிலெல்லாம் வேர் இருக்கும். அந்தத் துண்டுகளை வெட்டி மற்ற குழிகளில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். வீடு மாறும்போதும் ஒரு பை நிறைய அப்படியே எடுத்துப் போகலாம். ஊருக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், சென்னை வெக்கையில் நிற்காது. அங்கே மாமரத்தடிக்கு வெள்ளிக் கோடு போட்ட ஜீப்ரினா இருக்கிறதே, அது போதும்.