ஆர்டர் இருக்கு சரி, சனிக்கிழமைக்கு காசு இருக்கா?

அண்ணா வணக்கம். நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில, பையர்கிட்ட பேசி ஆர்டர் பாத்துக்கற மெர்ச்சன்டைசரா இருக்கேன். சொந்தமா 20 மிஷின் போட்டு தையல் யூனிட் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். கையில மொத்தம் 18 லட்சம், அதுல பாதி மாமனார் ரிட்டயர் ஆகி வந்த பணம். மிஷினுக்கு 11, பில்டிங் அட்வான்ஸ் 2, வயரிங் டேபிள் எல்லாம் ஒன்றரை, மீதி மூன்றரை கைச்செலவுக்கு. 25 பேர் ஆள் ரெடி. தெரிஞ்ச கம்பெனி ஒண்ணு வருஷம் பூரா ஜாப் ஒர்க் (அவங்க துணிய நாம கூலிக்கு தைச்சு குடுக்கறது) தர்றேன்னு சொல்லிருக்கு, பேமெண்ட் 60 நாள். வேலை எனக்கு நல்லா தெரியும். நீங்க இத்தன வருஷம் யூனிட் ஓட்டிருக்கீங்க, மேல மேல ஆர்டர் பிடிக்க என்ன பண்ணணும்னு சொல்லுங்கண்ணா. பேர் போட வேண்டாம்.

*

வணக்கம் தம்பி,

ஆர்டர் பிடிக்கறத பத்தி கேட்டிருக்கீங்க, அத விட்டுடுங்க இப்போதைக்கு. திருப்பூர்ல ஒழுங்கா தைச்சு சொன்ன தேதிக்கு குடுக்கற யூனிட்டுக்கு ஆர்டர் தானா வந்து நிக்கும். உங்க லெட்டர்ல எனக்கு கண்ணுல பட்டது ரெண்டே விஷயம், கைல மூன்றரை லட்சம், பேமெண்ட் 60 நாள்.

ஒரு பேப்பர எடுத்து எழுதி பாருங்க. ஒரு ஆளுக்கு வாரம் சராசரியா 4500னு வைங்க, 25 பேருக்கு 1,12,500. சனிக்கிழமை சாயங்காலம் இது ரொக்கமா கைல இருக்கணும், திங்கக்கிழமை தர்றேன்னு சொன்னா திங்கக்கிழமை பாதி மிஷின் காலியா இருக்கும், அவங்கள குத்தம் சொல்லவும் முடியாது, பக்கத்து யூனிட் வாசல்லயே ஆள் தேவைனு போர்டு தொங்குது. இப்ப முதல் லாட் வெட்டி வந்து தைச்சு செக்கிங் முடிஞ்சு டெலிவரி குடுக்க ரெண்டு வாரம். பில் போட்டதுல இருந்து 60 நாள். ஆக முதல் ரூபா உள்ள வர்றதுக்குள்ள பத்து சனிக்கிழமை தாண்டணும், சம்பளம் மட்டும் 11 லட்சத்து 25 ஆயிரம். உங்க மூன்றரை லட்சம் மூணு சனிக்கிழமைக்கு வரும். நாலாவது சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க? வாடகை, கரண்ட் பில், நூல், ஊசி, டெம்போ வாடகை எதையும் நான் இதுல சேர்க்கவே இல்ல. 25 பேர்னு சொல்றீங்க, பத்து பேருக்கே ஈ.எஸ்.ஐ வந்துடும், இருபது தொட்டா பி.எஃப், போனஸ் எல்லாம் வரும், தீபாவளிக்கு முன்னாடி போனஸ் பேசறப்ப தெரியும் அந்த மாசம் எப்படி போகுதுன்னு.

அப்புறம் ஜி.எஸ்.டி. தையல் ஜாப் ஒர்க்குக்கு 5 பர்சன்ட். மாசம் 6 லட்சத்துக்கு பில் போட்டா 30 ஆயிரம், அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள கட்டணும், கம்பெனி உங்களுக்கு காசு குடுத்துச்சா இல்லையானு அந்த போர்ட்டலுக்கு கவலை இல்ல. புது மிஷின் பில்லோட வாங்கினா அதுக்கு குடுத்த வரி, நீங்க கட்ட வேண்டிய வரில இன்புட்னு கழியும், அதனால முதல் சில மாசம் இது உறைக்காது, உறைக்கறப்ப பாத்தா ஏற்கனவே கழுத்து வரைக்கும் நிக்கறீங்க.

நான் இத்தன வருஷத்துல பாத்த மூடின யூனிட்ல முக்கால்வாசி, கணக்கு நோட்டுல லாபத்துல இருந்தவைதாங்க. பீஸுக்கு ரெண்டு ரூபா நிக்குதுன்னு சொல்லிட்டே மிஷின வித்துட்டு போனவங்க இருக்காங்க. 60 நாள் கடன் தர்றப்ப நீங்க தையல்காரர் இல்ல தம்பி, அந்த கம்பெனிக்கு வட்டியில்லாம கடன் குடுக்கற பைனான்ஸ்காரர். அப்ப பைனான்ஸ்காரன் பாக்கற மாதிரி பாக்கணும்ல, யாருக்கு குடுக்கறோம், எவ்வளவு வரைக்கும் குடுக்கறோம், திருப்பி வருமான்னு.

எப்படி பாக்கறது? அந்த கம்பெனி எம்.டி கார், ஆபிஸ் ஏ.சி, இதெல்லாம் பாக்காதீங்க. அவங்களுக்கு காஜா பட்டன் அடிச்சு குடுக்கறவர், அட்டைப்பெட்டி போடறவர், டெம்போ ஓட்டறவர் இவங்கள தேடி பிடிங்க. கம்பெனில காசு இறுகினா நூல் மில்லுக்கும் டையிங்குக்கும் எப்படியாவது குடுத்துடுவாங்க, இல்லனா அடுத்த சரக்கு வராது. நிறுத்தி வைக்கறது இந்த மாதிரி ஏழாயிரம் எட்டாயிரம் பில்லத்தான், ஏன்னா இவங்க சத்தம் போட மாட்டாங்க. காஜா பட்டன்காரருக்கு நாலு மாசம் பாக்கி இருக்குன்னா உங்களுக்கு சொன்ன 60 நாள், 120 நாள்னு நீங்களே எழுதிக்கலாம். அக்கவுண்ட்ஸ் செக்சன் எந்த கிழமை பேமெண்ட் விடுதுன்னும் கேளுங்க. கிழமை சொல்ல தெரிஞ்சா அங்க ஒரு முறை இருக்குன்னு அர்த்தம், "வாங்க பாத்துக்கலாம்"னு சொன்னா இல்லைனு அர்த்தம்.

டெபிட் நோட்டையும் மறந்துடாதீங்க, குறை சொல்லி நம்ம பில்லுல காசு பிடிக்கற பேப்பர் அது. 60 நாள் கழிச்சு போய் நின்னா ஆயில் கறை, சைஸ் லேபிள் மாறிருக்கு, ஷார்டேஜ்னு ஒரு பேப்பர நீட்டுவாங்க. ஒரு கம்பெனில எனக்கு டெபிட் போட்டாங்க, துணிலயே ஹோல் இருந்த பீஸ், நிட்டிங் குறை, அது தையல் கணக்குல வந்துச்சு. அதுக்கப்புறம் கட்டிங் பீஸ் உள்ள வர்றப்பவே பண்டல் பண்டலா எண்ணி, ஹோல் இருக்கறத தனியா எடுத்து, சரக்கோட வர்ற டி.சி.யிலயே (டெலிவரி சலான்) எழுதி அவங்க ஆள்கிட்ட கையெழுத்து வாங்கித்தான் மிஷினுக்கு விடறது. அரை மணி நேரம் போகும், செக்கர் அக்கா முணுமுணுக்கும், பரவால்ல.

சட்டம் இருக்கேன்னு சொல்வாங்க. இருக்கு. சிறு தொழிலுக்கான 2006 எம்.எஸ்.எம்.இ சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் அதிகபட்சம், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள், தாண்டினா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. ஆக உங்களுக்கு சொன்ன 60 நாளே சட்டப்படி செல்லாது. கேஸ் போடலாம், போட்டா காசு வரவும் வரலாம், ஆனா அந்த கேட்டுக்குள்ள அப்புறம் கால் வைக்க முடியாது, அதான் நடைமுறை. இதவிட வேலை செஞ்சது வருமான வரியில வந்த 43பி பிரிவு மாற்றம்தான், 2023-24 கணக்கு வருஷத்துல இருந்து. சின்ன யூனிட்டுக்கு கெடு தாண்டி பாக்கி வெச்சா அந்த செலவ அந்த வருஷ கணக்குல கழிக்க முடியாது, எப்ப குடுக்கறாங்களோ அப்பத்தான். அதனால மார்ச் மாசம் மட்டும் அக்கவுண்ட்ஸ்ல இருந்து அவங்களே போன் பண்றாங்க இப்பல்லாம்! இதுக்கெல்லாம் சிறு தொழில்னு அரசாங்கத்துல பதியற உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன் வேணும், பில்லுலயே அந்த நம்பர பிரிண்ட் போடுங்க. "உத்யம கேன்சல் பண்ணிட்டு வாங்க, ஆர்டர் தர்றோம்"னு யாராவது சொன்னா அவங்க எப்ப காசு குடுப்பாங்கனு அதுலயே தெரிஞ்சிடுச்சு. கம்பெனி பெருசுன்னா பில்ல வெச்சு முன்னாடியே காசு வாங்கற டிரெட்ஸ்ங்கற ஆன்லைன் தளத்துல இருக்காங்களானும் கேட்டு வைங்க, 250 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருந்தா சேரணும்னு ரூல் இருக்கு, அதுல உங்க பில்ல அவங்க ஒத்துக்கிட்டா பேங்க் கொஞ்சம் வட்டி பிடிச்சுட்டு உடனே காசு குடுத்துடும்.

இன்னொண்ணு, வருஷம் பூரா தர்றேன்னு சொன்ன கம்பெனி பொய் சொல்லுதுன்னு நான் சொல்ல வரல. ஆனா அவங்க கைல இல்லாதது நெறைய. 2011 ஜனவரி கடைசில ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறை எல்லாம் மூடினப்ப தையல் யூனிட் ஒரு தப்பும் பண்ணல, துணி வரல, அவ்வளவுதான். 2022 மே மாசம் நூல் ஒரே அடியா கிலோவுக்கு 40 ரூபா ஏறுச்சு, 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம நாட்டு சரக்குக்கு 50 பர்சன்ட் வரி போட்டுச்சு, அது உங்களுக்கே தெரியும், நீங்க மெர்ச்சன்டைசர், பையர் மெயில் எப்படி வந்துச்சுன்னு என்னைவிட நீங்கதான் பாத்திருப்பீங்க. மேல எது இடிச்சாலும் முதல்ல நீளறது கீழ இருக்கறவன் பேமெண்ட்தான். அதனால ஒரே கம்பெனிக்கு பாதிக்கு மேல மிஷின் ஓட்டாதீங்க. மீதிய உள்நாட்டு ஜட்டி பனியன் போடற சின்ன பார்ட்டிக்கு ஓட்டுங்க, பீஸுக்கு கம்மியாத்தான் குடுப்பாங்க, ஆனா பேசி வெச்சா வாரா வாரம் குடுப்பாங்க, சனிக்கிழமை சம்பளம் அதுல ஓடும்.

நான் உங்க இடத்துல இருந்தா 20 மிஷின் போட மாட்டேன். எட்டு போதும், அதுலயும் ஓவர்லாக் பேட்லாக் நல்ல கண்டிஷன்ல செகண்ட்ஹேண்ட் கிடைக்குது, பில்லோட வாங்குங்க. ஆளும் பத்துக்குள்ள. பத்து சனிக்கிழமைக்கான காச தனி அக்கவுண்ட்ல போட்டு வெச்சிட்டு மீதிக்குத்தான் மிஷின். வேலைய விடறதுக்கு முன்னாடி வீட்ல இந்த கணக்க அப்படியே மாமனார்கிட்டயும் காட்டுங்க, அவருக்கு இன்னொரு தடவ ரிட்டயர்மெண்ட் பணம் வராது.

பில்டிங் அட்வான்ஸ் 2 லட்சம்னு எழுதிருக்கீங்க, குடுத்தாச்சா இல்ல பேச்சுலதான் இருக்கா? குடுக்கலன்னா ஒரு வாரம் தள்ளி போடுங்க, அந்த காஜா பட்டன்காரர பாத்துட்டு எழுதுங்க.