புபுசாவைக் கையால் சாப்பிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டருகே எல் சால்வடோர், மெக்சிகோ உணவுகளைச் சேர்த்து, குறைந்த விலையில் தரும் சிறிய உணவகம் ஒன்று இருக்கிறது. ஏன் இந்தக் கூட்டணி? சைவர்கள் அங்கே என்ன கேட்கலாம்?
– வாசகி ஒருவர், லாஸ் ஏஞ்சலஸ்

பதில்: 1980 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரால் எல் சால்வடோரை விட்டு வெளியேறியவர்களில் பலர், மெக்சிகோ வம்சாவளியினர் ஏற்கெனவே நிறைந்திருந்த உங்கள் நகரில் குடியேறினார்கள், அங்கே கடை திறந்தவர்கள் ஊரறிந்த மெக்சிகோ உணவான டாக்கோவையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டது இயல்பே. டாக்கோ எங்கும் கிடைக்கும் என்பதால், எல் சால்வடோரின் அடை போன்ற புபுசாவைக் கேளுங்கள் என்பதே என் பரிந்துரை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவை உள்ளங்கையில் குழித்து, சீஸ், பீன்ஸ் போன்றவற்றை உள்ளே வைத்து மூடி, அடை கனத்துக்குத் தட்டிச் சூடான கல்லில் வாட்டுவார்கள். ஓரத்தில் கசியும் சீஸ் கருகி மொறுமொறுப்பாவதுதான் அதன் உச்சச் சுவை. ‘குர்த்திதோ’ எனப்படும் புளிப்பான முட்டைகோஸ் கலவையை மேலே பரப்பி, தக்காளிச் சாறு ஊற்றி, கையால் பிய்த்துச் சாப்பிடுவதே அந்நாட்டு வழக்கம் என்பதால், முள்கரண்டியைத் தேட வேண்டாம்.

மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சகஜமாதலால் சைவர்கள் விசாரிப்பது அவசியம். சீஸுடன் ‘லொரோகோ’ என்னும் பூமொட்டு வைத்த புபுசாவே அவர்களுக்கு ஏற்றது. அதே கல்லில் இறைச்சியும் வேகும் என்பது தனிப் பிரச்சினை. சால்வடோர் பானமான ஓர்ச்சாட்டாவில் நிலக்கடலை இருக்கக்கூடும். ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்கவும்.