கொழும்பு றோட்டில சைக்கிள்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றன்

2022ல பெற்றோல் லைன்ல நிண்டு அலுத்துப்போய் சைக்கிள் எடுத்தவன் நான், பங்கீட்டுக்கு கியூஆர் கோட் வந்து பெற்றோல் கிடைச்ச பிறகும் விடேல்ல. வெள்ளவத்தை – கோட்டை, கிழமையில அஞ்சு நாள்.

காலி வீதியா மரைன் டிரைவா அண்ணா?
மரைன் டிரைவ்தான் தங்கச்சி. கோட்டைப் பக்கம் போகேக்க இடக்கைப் பக்கம் தண்டவாளமும் கடலும், அதால அந்தப் பக்கத்தால குறுக்கு ஒழுங்கை ஒண்டும் வராது. திரும்பி வரேக்கதான் கவனம், ஒவ்வொரு ஒழுங்கையிலயும் ஒரு கார் மூக்க நீட்டிக்கொண்டு நிக்கும், டிரைவர் உங்கள பாத்திட்டாரா எண்டு அவர்ட முகத்த பாருங்க, கார பாக்காதீங்க. ரயில் வந்து நிண்டா ஸ்டேஷனடியில சனம் ஓடிக் கடக்கும், அதுக்கும் ஸ்லோ பண்ணணும். உப்புக்காத்தில செயின் கறள் பிடிக்கும், கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விடுங்க.

காலி வீதியில 100, 101 நம்பர் பஸ் வெட்டினா என்ன செய்ற?
பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில பூராதீங்க, அவ்வளவுதான். கண்டக்டர் முன் கதவில தொங்கிக்கொண்டு கைய நீட்டினா பஸ் இடப்பக்கம் வரப்போகுது எண்டு அர்த்தம், சிக்னல் லைட்ட நம்பிறதவிட அந்தக் கைய நம்பலாம். பின்னுக்கு நிண்டு ஒரு நிமிஷம் புகை குடிக்கிறது பரவாயில்ல.

ஓரமா போனா சேஃப் தானே?
இல்ல, எல்லாரும் பிழையா நினைக்கிறது இதத்தான். ஓரத்தில வடிகான் மூடி, மணல், உடைஞ்ச போத்தில், அதோட நீங்க ஒதுங்க ஒதுங்க பின்னால வாறவன் இடம் இருக்கு எண்டு உரசிக்கொண்டுதான் போவான். ஓரத்தில இருந்து ஒரு மீட்டர் மட்டில விட்டு நேர் கோட்டில போங்க. பார்க் பண்ணின காருகளத் தாண்டேக்கயும் அப்பிடித்தான். எங்கட நாட்டில டிரைவர் வலப்பக்கம், கதவு உங்கட பக்கம்தான் திறக்கும். பம்பலப்பிட்டியில எனக்கு அப்பிடி ஒரு கதவு திறந்துது, ஹேண்டில் வளைஞ்சு, பெல் மூடி மட்டும் தனிய உருண்டு நடுறோட்டுக்குப் போய் ஒரு ஓட்டோவுக்குக் கீழ நசிஞ்சுது. கதவத் திறந்தவர் முதல்ல பாத்தது கதவில கீறல் விழுந்திட்டா எண்டு!

மழைக்கு?
ரிம் பிரேக் எண்டா நனைஞ்ச உடன பிடிக்காது, முன்கூட்டியே மெல்லமா அமத்திக்கொண்டு வாங்க. வெள்ளம் நிண்டா இறங்கித் தள்ளுங்க, அடியில மூடி இல்லாத கான் இருந்தா தெரியாது. றோட்டில பெயின்ற் அடிச்ச கோடும் நனைஞ்சா வழுக்கும்.

இயர்போன்?
வேணாம்.

விழுந்து காயம் எண்டா?
1990 நம்பருக்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்ல. முதல்ல றோட்ட விட்டு ஓரத்துக்கு வாங்க. தலை அடிபட்டிருந்தா "ஒண்டுமில்ல" எண்டு வீட்ட போகாதீங்க.

மகனுக்கு 13 வயசு, டியூஷனுக்கு சைக்கிள்ல விடலாமா தம்பி?
அக்கா, ஒரு ஞாயிறு காலமை 6 மணிக்கு மரைன் டிரைவுக்குக் கூட்டிக்கொண்டு போங்க. ஓடிக்கொண்டே வலத்தோளுக்கு மேலால பின்னுக்குப் பாக்கச் சொல்லுங்க. தலையோட ஹேண்டிலும் சேந்து திரும்பினா இன்னும் ரெண்டு மூண்டு ஞாயிறு போகட்டும்.