அரிஸ்டாட்டிலின் இயக்கக் கொள்கையை நியூட்டன் ஒருவரேதான் மாற்றினாரா? இடையில் யாருமே கேள்வி கேட்கவில்லையா?

கேட்டார்கள், நன்றாகவே கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் அரிஸ்டாட்டிலுக்கு ஒரு வரி, கலிலியோவுக்கு ஒரு பத்தி, உடனே நியூட்டன் விதிகள் என்று தாவிவிடுவதால் நடுவில் இருந்தவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்.

அரிஸ்டாட்டிலை முட்டாள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தள்ளினால் வண்டி நகர்கிறது, விட்டால் நிற்கிறது. தள்ளும் வரைதான் இயக்கம் என்று அவர் சொன்னது கண்ணால் கண்டதை வைத்துத்தான். சிக்கல் அம்பில் வந்தது. நாணை விட்டுப் பிரிந்த பிறகு அதைத் தள்ளுவது எது? அசைந்த காற்றே தொடர்ந்து தள்ளுகிறது என்றார்.

6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த தத்துவ அறிஞர் ஃபிலோபோனஸ் இதை உடைத்தார். காற்றுதான் தள்ளுகிறது என்றால் வில் எதற்கு? கல்லைச் சும்மா வைத்துவிட்டு, பின்னாலிருந்து எத்தனை கருவிகளால் காற்றைக் கிளப்பினாலும் ஒரு முழம்கூட நகராதே! எறிபவரிடமிருந்து ஏதோ ஒரு திறன் பொருளுக்குள் போகிறது என்பது அவர் பதில். தடையே இல்லாவிட்டால் அந்தத் திறன் தானாகத் தீராது என்று பிறகு பாரசீக அறிஞர் இப்னு சீனா சேர்த்தார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ழான் புரிடான். அவர் காட்டிய சான்றுகளைப் பாருங்கள். பம்பரம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. அதன் பின்னால் வந்து தள்ளக் காற்றுக்கு இடமே இல்லை. ஆற்றில் எதிர்நீரில் இழுத்துச் சென்ற படகு, இழுப்பதை நிறுத்திய பிறகும் கொஞ்ச தூரம் போகிறது. படகின் தளத்தில் நிற்பவர் முகத்தில்தான் காற்று படுகிறது, முதுகில் அல்ல. ஆகவே பொருளுக்குள் புகுந்த 'இம்பீட்டஸ்' தான் அதைக் கொண்டுபோகிறது என்றார். வேகமும் பருப்பொருளும் கூடக் கூட அதுவும் கூடும். இறகைவிட இரும்புத் துண்டைத் தூரமாக எறிய முடிவது அதனால்தான். நம்முடைய உந்தத்துக்கு (நிறை × திசைவேகம்) எவ்வளவு அருகில் வந்துவிட்டார்!

ஆனாலும் அது நிலைமம் இல்லை. நிலைமம் என்றால், வெளிவிசை இல்லாதவரை பொருள் இருந்த நிலையிலேயே, ஓய்விலோ சீரான ஓட்டத்திலோ, தொடர்வது. ஓடிக்கொண்டே இருக்க உள்ளே ஒரு காரணம் வேண்டும் என்றுதான் புரிடானும் நினைத்தார். இன்றும் மேலே எறிந்த பந்துக்கு விசைகளை வரையச் சொன்னால், பல மாணவர்கள் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போடுகிறார்கள். கையின் தள்ளல் பந்துக்குள் இன்னும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. இவ்வளவு இயல்பாக மனதில் எழும் எண்ணத்தை விடுவது சுலபமில்லை.

கேள்வியையே திருப்பிப் போட்டதுதான் 17ஆம் நூற்றாண்டின் சாதனை. ஏன் ஓடுகிறது என்பதை விட்டுவிட்டு, ஏன் நிற்கிறது, ஏன் திரும்புகிறது என்று கேட்டார்கள். கலிலியோ சாய்தளத்தில் குண்டை உருட்டி, நீர்க்கடிகாரத்தால் நேரம் அளந்து, தூரம் நேரத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடுவதைக் கண்டார். 1638இல் நூலாக வெளியிட்டார். தடையின்றித் தொடரும் இயக்கம் அவர் மனதில் பூமியைச் சுற்றி வளையும் கிடைமட்ட இயக்கமாகவே இருந்தது. நேர்கோடு என்று தெளிவாக அச்சில் சொன்னவர் பிரெஞ்சு தத்துவ அறிஞர் தெகார்த்தே, 1644இல்.

1687இல் வெளியான 'பிரின்சிப்பியா' நூலில் நியூட்டன் ஓய்வையும் சீரான நேர்கோட்டு இயக்கத்தையும் ஒரே தட்டில் வைத்து, மாற்றத்துக்கு மட்டுமே வெளிவிசை தேவை என்றார். ஆனால் பழைய எண்ணம் அவரையும் முழுதாக விடவில்லை: அதே நூலின் மூன்றாவது வரையறையில், பொருள் தன் நிலையில் தொடர்வதற்குக் காரணம் அதற்குள் உறையும் ஒரு 'விசை' என்றும் அவரே எழுதியிருக்கிறார்.