மீதிக் கேப்ஸ்யூலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: '30 நாளில் 10 கிலோ குறையும், முழுக்க மூலிகை' என்று இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தை நம்பி, 3,800 ரூபாய்க்குக் கேப்ஸ்யூல் வாங்கினேன். 11 நாள் சாப்பிட்டதில் படபடப்பு, தூக்கமின்மை. ரத்த அழுத்தம் ஏறி, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். நான் என்ன செய்யலாம்? - வாசகி, திருப்பூர்

பதில்: முதலில், மீதிக் கேப்ஸ்யூல்களை டப்பாவோடு பத்திரமாக எடுத்து வையுங்கள். வீட்டில் யாராவது கோபத்தில் குப்பையில் போட்டுவிடப் போகிறார்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது.

உங்கள் அறிகுறிகளைப் படித்ததும் எனக்கு சிபுட்ரமின்தான் ஞாபகம் வந்தது. பசியை அடக்கும் மருந்து அது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2011 பிப்ரவரியில் இந்தியாவில் தடை செய்தார்கள். 'மூலிகை' ஸ்லிம்மிங் மாத்திரைகளில் அதை ரகசியமாகக் கலந்து விற்பது இன்றுவரை பல நாடுகளில் பிடிபடுகிறது. உங்களுடையதில் இருந்ததா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

இத்தகைய சப்ளிமென்ட் நம் சட்டத்தில் மருந்து அல்ல, உணவு. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், 2016-ல் வந்த விதிமுறைகளும் இதற்குப் பொருந்தும். லேபிளில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். உங்கள் டப்பாவில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எண் இருந்தாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். அது விற்பதற்கான உரிமம் மட்டுமே. எடை குறையும் என்று அரசு கொடுத்த சான்றிதழ் அல்ல.

புகாரை உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். பொய் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாதுகாப்பற்ற உணவு என்று தெரியவந்தால் 59-வது பிரிவில் சிறைத் தண்டனையே வரும்.

உங்களுக்கு நஷ்டஈடு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். கேப்ஸ்யூலை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப அதே சட்டத்தின் 38-வது பிரிவு நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. சோதனைச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். விற்றவரின் பெயர், முகவரிக்கு கூரியர் கவரையும் யுபிஐ ரசீதையும் பாருங்கள். விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

அப்புறம் ஒன்று. எடை குறைக்க மாத்திரை சாப்பிட்டதை வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைத்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் 'படபடப்பு' என்று மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நீங்கள் சொல்லவில்லை என்றால் நாளைக்கே போங்கள். டப்பாவைக் காட்டி, இதை 11 நாள் சாப்பிட்டதாகக் குறிப்பில் எழுதி வாங்குங்கள்.